அர்கம் எறிந்த ஸ்பொஞ்ச் கல்

பள்ளிவாசல்துறையில் படகு இஞ்சின்களுக்கென்று தனி வீடு இருக்கிறது. மனிதர்கள் சிலருக்கு அந்த வசதி இன்னும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். காலையில் கரை சேர்ந்ததும் படகிலிருந்து இஞ்சினைக் கழற்றி, தூங்கும் பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்து, மணலில் கால் புதையப் புதைய அந்தத் தகரக் கொட்டிலுக்குத் தூக்கி வருவார்கள். இஞ்சின் வாடி என்று அதற்குப் பெயர். படகிலேயே விட்டால் இஞ்சினுக்குக் கால் முளைத்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோனால் மண்ணெண்ணெய் வாசத்தில் மனைவிக்குக் கால் முளைத்துவிடும். ஆகவே வாடி, வாடிக்கு ஒரு பூட்டு, பூட்டின் சாவிக்கு அர்கம்.

அர்கமுக்கு வயது நாற்பத்திரண்டு. நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் இஞ்சினை இறக்கி, கயிற்றை இழுத்துக் கிளப்பி, அதன் குடலுக்குள் தங்கிய கடலைத் துப்ப வைப்பது அவருடைய வேலை. துப்ப வைக்காவிட்டால் உப்பு உள்ளுக்குள்ளேயே இருந்து அரித்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே இஞ்சின் உறுமும்போது பக்கத்தில் நிற்கிறவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அர்கம் அந்த வேலையை விட்டு ஒருநாளும் நகராததற்குக் காரணமும் அதுதான். அந்த உறுமலுக்குள் வேறு மூன்று பேருடைய சத்தம் அடங்கிவிடும்.

மூன்று பேரும் அர்கமுக்கு மட்டும் கேட்பவர்கள். ஒருவர் அறிவிப்பாளர். அர்கம் செய்வதை அர்கமுக்கே அறிவிப்பார்: "அர்கம் எழும்புறான். அர்கம் பல்லு வெளக்குறான். அர்கம் செருப்பத் தேடுறான்." இருபது வருடங்களுக்கு மேலாக நேரடி ஒலிபரப்பு, விளம்பர இடைவேளைகூடக் கிடையாது. இரண்டாவது ஒரு பெண். அவளிடம் இருப்பது ஒரே கேள்வி: "பூட்டினியா?" பள்ளிவாசல்துறையில் அந்த வாடியைப் போல் ஒழுங்காகப் பூட்டப்படும் கதவு வேறு இல்லை என்பதற்கு அவளும் ஒரு காரணம். மூன்றாவது, ஓர் ஆளா பல பேரா என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் நின்று அவரைப் பற்றித் தாழ்ந்த குரலில் கதைப்பார்கள். என்ன கதைக்கிறார்கள் என்பது மட்டும் ஒருபோதும் விளங்காது. அர்கமைப் பயப்படுத்தியது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் இதற்கு ஸ்கிஸோஃப்ரினியா என்று பெயர் சொன்னார்கள். அவ்வளவு நீளமான பெயரை உச்சரிக்க ஊரில் யாருக்கும் நேரமில்லை. "அர்கமுக்குச் சத்தம் கேக்கும்" என்பார்கள், இன்னொருவருக்குச் சீனி வருத்தம் என்று சொல்கிற அதே குரலில். மாதம் ஒருமுறை கிளினிக்கில் ஊசி. காலையும் மாலையும் அவருடைய ராத்தா பஸீஹா தேத்தண்ணீரோடு சேர்த்து நீட்டும் குளிசை. பஸீஹா புருஷனை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்பவர். தம்பியின் நோயையும் இடியப்ப உரலையும் ஒரே கையால் அழுத்திப் பிடித்துக் குடும்பம் நடத்துபவர்.

இப்படி, ஒரு படம் எடுப்பதற்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத வாழ்க்கை நடந்துகொண்டிருந்தபோதுதான் கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்தார்கள்.

மனநோய் பற்றிய விழிப்புணர்வுப் படம். டைரக்டர் டெனிஷா என்ற இளம்பெண். கருணை மிக்கவர்; பேசும்போதே கண் கலங்கும். படகுக்காரர் சங்கத் தலைவரான லத்தீப் சம்மாட்டி, வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, ஊருக்கு வரும் பெருமையை ஒரு சொட்டும் சிந்தாமல் சொன்னார்: "மிஸ், நீங்க எங்கயும் தேட வேணாம். எங்கள்ட்ட ஒரிஜினலே ஈக்குது."

ஒரிஜினலை வாடியில் வைத்துப் பேட்டி கண்டார்கள்.

"எப்பிடித் தொடங்கினது, அர்கம் நானா?"

"பாண் தின்னுக்கிட்டு ஈந்தேன், மிஸ்."

"அதுக்கு முந்தி? பெரிய கவலை ஏதும்? ஆராவது மவுத்தானாங்களா?"

"இல்ல மிஸ். பருப்புல கொஞ்சம் உப்புக் கூட. அவ்வளவுதான்."

"தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ல இருந்து இடம்பெயர்ந்து வந்தீங்களா?"

"நாங்க இங்கயேதான், மிஸ்."

"காதல்?"

"அது பொறகு. அதுவும் சரிவரல்ல."

டெனிஷாவின் பேனா காகிதத்தின் மேலே தாகத்தோடு காத்திருந்தது. "அந்தக் குரல்கள் எப்பவாவது ஆரையாவது குத்தச் சொல்லுமா? தீ வைக்கச் சொல்லுமா?"

அர்கம் மனச்சாட்சிப்படி யோசித்துப் பார்த்தார். "இல்ல, மிஸ். செருப்பு எங்க கெடக்குன்டு தெரிஞ்சாலும் சொல்ல மாட்டான்."

இருந்தாலும் டெனிஷா நியாயமானவர். படத்தில் வரும் நோயாளியின் வேடத்துக்கு அர்கமையே நடிக்க வைத்துப் பார்த்தார். கமராவுக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்கார வைத்து, குரல் கேட்கும்போது என்ன நடக்குமோ அதை அப்படியே செய்யச் சொன்னார். அர்கம் உட்கார்ந்தார். முழங்காலில் கை. பார்வை கடலில். நேரம் போனது. கமராக்காரர் கண்ணை எடுத்துவிட்டு, "ஒண்டும் நடக்கல்லயே" என்றார்.

"நடந்துக்கிட்டுத்தான் ஈக்குது" என்றார் அர்கம்.

அத்துடன் அவருடைய நடிப்பு வாழ்க்கை முடிந்தது. வேடம் றிம்ஸானுக்குப் போனது. றிம்ஸான் துறைமுகத்துக்கு ஐஸ் விற்கிற பையன், ஆரோக்கியத்தின் சின்னம். அவன் தலைமயிரைக் கலைத்து, கண்ணை மேலே சொருகி, வயிற்றின் அடியிலிருந்து ஒரு சிரிப்பைக் கிளப்பினான். சுற்றி நின்ற காகங்கள் எழும்பிப் பறந்தன. "இதுதான்!" என்று டெனிஷா கைதட்டினார். உடுப்புக்காக அர்கமின் பழைய சாரனையும் பொத்தான் இல்லாத சேர்ட்டையும் பஸீஹாவிடம் இரவல் வாங்கினார்கள். றிம்ஸான் அவற்றைப் போட்டுக்கொண்டு வாடி வாசலில் நின்று சிரித்த முதல் நாள், பஸீஹா இடியப்பத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தவர், திரும்பி வேறு வழியால் போனார்.

டெனிஷாவுக்கு மனது கேட்கவில்லை. ஒரிஜினலைச் சும்மா விடலாமா? கூட்டத்தில் ஒருவராக அர்கமுக்கும் ஒரு வேடம் கொடுத்தார். படத்தின் முக்கியமான காட்சி: பைத்தியத்தை ஊரே கூடிக் கல்லால் அடித்துக் கடலுக்குள் துரத்துகிறது. கற்கள் ஸ்பொஞ்சில் வெட்டிச் சாம்பல் நிறம் அடித்தவை. கையில் எடுத்தால் கல், நிறுத்தால் காற்று.

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த பகல். எல்லோரும் எறிந்தார்கள். அர்கம் மட்டும் கல்லைப் பிடித்தபடி நின்றார்.

"எறியுங்க நானா, அது ஸ்பொஞ்ச்தானே" என்றார் டெனிஷா.

அர்கம் தன்னுடைய சாரனைக் கட்டிக்கொண்டு நிற்கும் றிம்ஸானைப் பார்த்து, "எறியட்டா?" என்று கேட்டார்.

"எறிங்க நானா, தேத்தண்ணி ஆறப் போகுது!" என்றான் றிம்ஸான்.

"அர்கம் கையத் தூக்குறான்" என்றார் அறிவிப்பாளர். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. கல் கையை விட்டுப் போன அந்தக் கணத்தில், அறிவிப்பாளர் இல்லை. பூட்டினியா என்று கேட்பவள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் பாண் துண்டை வாயில் வைத்ததற்குப் பிறகு முதன்முறையாக அர்கமின் தலைக்குள் வெறும் காற்றுச் சத்தமும் கடல் சத்தமும் மட்டும். கல் றிம்ஸானின் நெற்றியில் போய்ப் பட்டு, மெதுவாகத் துள்ளி விழுந்தது.

"அருமை!" என்றார் டெனிஷா. "இன்னொருக்கா!"

அன்று பின்னேரம் அர்கம் அந்த ஸ்பொஞ்ச் கற்களில் ஒன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பஸீஹாவிடம் சொன்னார்: "ராத்தா, எறியக்குள்ள ஒரு சத்தமும் கேக்கல்ல."

"நல்லந்தானே?"

"இல்ல ராத்தா. இப்பிடித்தானா எல்லாரும் ஈக்கிறாங்க?"

பஸீஹா குளிசையை நீட்டினார். இந்தக் கேள்விக்கு எந்த மருந்தாளரும் இதுவரை குளிசை செய்யவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு படத்தை ஊரிலேயே திரையிட்டார்கள். பாடசாலை மண்டபத்தின் ஜன்னல்களைப் படகுத் தறப்பாளால் மூடி, பட்டப்பகலை இருட்டாக்கி, ஊரை உள்ளே அடைத்தார்கள். காற்றில் தறப்பாள் உப்பி உப்பி அடங்கியது, யாரோ வெளியே நின்று மூச்சு விடுவதைப் போல.

கதை இதுதான். மீனவன் ஒருவனின் மனைவி கடலில் மூழ்கிவிடுகிறாள். அவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. சிரிக்கிறான். குரல்கள் கட்டளையிடுகின்றன. சிரிக்கிறான். இஞ்சின் வாடிக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைக்கிறான். அதற்கும் சிரிக்கிறான். ஊர் அவனைக் கல்லால் அடிக்கிறது. அவன் கடலுக்குள் நடந்து மறைகிறான். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: மனநோயாளரை அன்போடு நடத்துவோம்.

எரித்தது, கடற்கரையில் ஓலையாலும் பலகையாலும் கட்டிய போலி வாடியை. கட்டியதும் ஊரார்தான், எரியும்போது நெருப்புக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்ததும் ஊரார்தான். ஆனால் வெட்டி ஒட்டிய பிறகு திரையில் எரிந்தது அவர்களுடைய வாடி. தகரத்தில் இருந்த துரு, கதவில் லத்தீப் சம்மாட்டி எழுதி வைத்த படகு இலக்கம், எல்லாம் அப்படியே எரிந்தன. மண்டபத்தை விட்டு வெளியே வந்த ஆண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வாடிக்குப் போய், எரியாத சுவரைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்தார்கள். மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. இஞ்சின் வாடியில் ரோஜாப்பூ வாசமா அடிக்கும் என்று கேட்க யாருக்கும் அந்த நேரம் தோன்றவில்லை.

விழிப்புணர்வு என்றால் அதுதான். அன்றிரவு ஊரில் ஒருவரும் கண்ணை மூடவில்லை.

மறுநாளிலிருந்து மரியாதையாக வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் சங்கச் செயலாளர் அத்தாஉல்லா. "அர்கம் நானா, இஞ்சின்ல சின்ன வேல ஒண்டு ஈக்குது. வீட்டுல வச்சிப் பாக்கப் போறேன்." அடுத்தவர், மகன் இஞ்சின் பழக ஆசைப்படுகிறான் என்றார். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போய், வாசலில் திரும்பி, "ஒங்களுக்கும் வேல கொறையும்தானே" என்று அன்பாகச் சொன்னார். கடைசியாக லத்தீப் சம்மாட்டி வந்தார். தலைவர் என்பதால் அவருக்குப் பொய் சொல்லத் தேவையில்லை, சாவியையே கேட்டார். "கொஞ்ச நாளைக்குத்தான், அர்கம். சும்மா, ஒரு ஒழுங்குக்கு."

இஞ்சின்கள் தொங்கிய மரச்சட்டங்கள் வெறும் விலா எலும்புகளாக நின்றன. கீழே மணலில், ஒவ்வோர் இஞ்சினும் விட்டுப்போன எண்ணெய்க் கறுப்பு. பீப்பாத் தண்ணீரில் ஒரு நுளம்பு இறங்கி நின்றது. அர்கம் பழக்க தோஷத்தில் தினமும் போய் அங்கே உட்கார்ந்தார். உறுமல் இல்லாத வாடியில் மூன்று பேரும் தங்கள் முழு உயரத்துக்கு எழும்பினார்கள். "அர்கம் சும்மா ஈக்கிறான். அர்கம் சும்மாதான் ஈக்கிறான்." பூட்டுவதற்குச் சாவியே இல்லாதபோதும் அவள் கேட்டாள்: "பூட்டினியா?" சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் பெருத்துக்கொண்டே போனது.

ஒரு பின்னேரம், அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த அமைதியில், வாசலில் நாலாவது ஆள் சிரித்தான்.

வயிற்றின் அடியிலிருந்து கிளம்பும் சிரிப்பு. காகங்களை எழுப்பும் சிரிப்பு. அர்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பழைய சாரன், பொத்தான் இல்லாத சேர்ட் என்பது மட்டும் பார்க்காமலே தெரிந்தது. அர்கமின் தலைக்குள் குடியிருந்தவர்களில் அந்த மூவரும் உள்ளூர் உற்பத்தி. இவன் கொழும்பில் தயாரானவன். ஸ்டூடியோவில் எதிரொலி சேர்த்து, கையொப்பம் போட்டு அனுப்பப்பட்டவன்.

பஸீஹாவிடம் சொன்னார். "நாலாவதா ஒரு ஆள் வந்தீக்கிறார், ராத்தா."

"ஆரு?"

"நான் கல்லால அடிச்ச ஆள்."

"அது றிம்ஸான்டா! சந்தியில ஐஸ் வித்துக்கிட்டு ஈக்கிறான். நேத்துதான் அவனுக்கு நல்ல எடத்துல பொண்ணு பேசி வந்தாங்க."

"றிம்ஸான் இல்ல. மத்த ஆள்."

அடுத்த கிளினிக்கில் டொக்டர் பொறுமையாகக் கேட்டார்: அந்த ஆள் ஏதாவது செய்யச் சொல்கிறானா? இல்லை, சிரிக்கிறான், சில நேரம் "நோகல்ல" என்று மட்டும் சொல்கிறான் என்றார் அர்கம். டொக்டர் மருந்தைச் சற்றுக் கூட்டினார். சாவி போன கதையைக் கேட்டதும், வேலை திரும்பக் கிடைத்தால் நல்லது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் பஸீஹா தம்பியின் கையைப் பிடித்தார். "கேளு. சாவிய நான் எப்பிடியாச்சும் கேட்டுப் பாக்குறேன். கெடச்சா, அந்த நாலாவது ஆளப் பத்தி என்னோடயும் டொக்டரோடயும் மட்டும் கத. ஊருல வாயத் தொறக்காத. இனியொருக்கா போனா வராது."

"ஓம் ராத்தா."

சாவியை மீட்டது பஸீஹாவின் வேண்டுகோள் அல்ல, மண்ணெண்ணெய். இஞ்சின்கள் வீடுகளுக்குள் குடிவந்து குடும்பத் தலைவர்களாகிவிட்டன. லத்தீப் சம்மாட்டியின் மனைவி அலீமா, கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்ற இஞ்சினைச் சுட்டிக்காட்டி, "ஒண்டு அது ஈக்கணும், இல்லாட்டி நான் ஈக்கணும். நெய்ச்சோத்துலயும் அந்த வாசம்தான்" என்று அறிவித்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இஞ்சினுக்கு ஊற்ற யாருக்கும் மனம் வரவில்லை. உப்பு உள்ளே குந்திக்கொண்டது. அத்தாஉல்லாவின் இஞ்சின் ஒருநாள் நடுக்கடலில் இருமி, நின்றுவிட்டது. அவரை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்த அன்று பின்னேரமே சங்கம் கூடியது.

வாடிக்குள்தான் கூட்டம். அர்கமும் ஓர் ஓரத்தில் குந்தியிருந்தார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"சாவிய அவர்ட்டயே குடுக்கலாம்" என்றார் லத்தீப். "ஆனா..."

"ஆனா பத்த வச்சிட்டா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "படத்துல பாத்தமே!"

"அது நான்தானே பத்த வச்சேன்" என்றான் றிம்ஸான்.

"ஓம், நீதான். ஆனா நீ அவர் மாதிரித்தானே செஞ்ச?"

இந்த வாதத்தின் பலம் எல்லோரையும் அசத்தியது. றிம்ஸானே தலையாட்டினான். அப்படியென்றால் சாவியை றிம்ஸானிடம் கொடுப்போமா என்று ஒருவர் கேட்டார். "எனக்கு ஐஸ் உருகும்" என்று அவன் கழன்றுகொண்டான்.

சந்தேகம் தீர ஆதாரத்தையே பார்த்துவிடலாம் என்று அத்தாஉல்லா போனை எடுத்தார். எல்லாத் தலைகளும் அதன் மேல் கவிழ்ந்தன. சின்னத் திரையில் வாடி மறுபடியும் எரிந்தது. எரியாத வாடிக்குள் இருந்து அதைப் பார்த்தார்கள். பிறகு கல்லெறி. கூட்டத்துக்கு நடுவில் ஒரு முகத்தைக் கமரா நெருங்கியது. அத்தாஉல்லா விரலால் தட்டிப் படத்தை நிறுத்தினார்.

"இந்தா நிக்கிறது ஆரு?"

"அர்கம்."

"ஆருக்கு எறியிறார்?"

"பைத்தியத்துக்கு."

திரையில் உறைந்திருந்த அந்த முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழும்பியவனின் முகம்.

"அப்ப இவர் எங்கட பக்கம்தானே?" என்றார் லத்தீப் சம்மாட்டி. அவருக்கே அந்தக் கண்டுபிடிப்பில் கண் விரிந்தது. "பாருங்களேன், எவ்வளவு தெளிவா நிக்கிறார்! பைத்தியம் புடிச்சவன் பைத்தியத்துக்குக் கல்லெறிவானா?"

ஏகமனதாக ஒத்துக்கொண்டார்கள். சாவி அர்கமின் கைக்கு வந்தது. லத்தீப் அவருடைய தோளைத் தட்டினார். "எறிஞ்சது நல்ல எறி, அர்கம்."

இஞ்சின்கள் திரும்பின. வெறும் சட்டங்கள் நிறைந்தன. பீப்பாவுக்கு நல்ல தண்ணீர் மாற்றி, அர்கம் கயிற்றை இழுத்தார். உறுமல் எழும்பியதும் அறிவிப்பாளர் அமிழ்ந்தார், பூட்டினியா என்பவள் அமிழ்ந்தாள், சுவருக்கு அப்பால் கதைத்தவர்களும் அமிழ்ந்தார்கள். சிரிப்பு மட்டும் அமிழவில்லை. அது இஞ்சின் சத்தத்துக்கு மேலே மிதந்தது. என்ன இருந்தாலும் ஸ்டூடியோ வேலை.

நாளுக்கு நாள் அந்த ஆள் வாசலிலேயே நின்றான். வெயிலிலும் நின்றான். அர்கமுக்கு அது சரியாகப் படவில்லை. அடிபட்ட ஆளை எவ்வளவு நாளைக்கு நிற்க வைப்பது? வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து, பீப்பாவுக்குப் பக்கத்தில் நிழல் விழும் இடத்தில் போட்டார். ஸ்பொஞ்ச் கல்லைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சுவர்த் தட்டில் வைத்தார், எறிய இனி ஒன்றும் கையில் இல்லை என்று காட்டுவதற்காக. அந்த ஆள் உள்ளே வந்தான். உட்கார்ந்தான். "நோகல்ல" என்றான். அதற்குப் பிறகு சிரிப்பு தணிந்து, யாரோ பக்கத்தில் இருந்து மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டது. பஸீஹா தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது காலிக் கதிரையைப் பார்த்தார். வெளியே யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

ஒரு காலை லத்தீப் சம்மாட்டியே இஞ்சினைத் தூக்கி வந்தார். இறக்கி வைத்து, வேர்வையைத் துடைத்து, "அட, எனக்குக் கதிர வேற போட்டீக்கிறீங்களா!" என்று சொல்லிக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

அர்கமின் வாய் திறந்தது.

லத்தீப் நின்றார். "என்ன?"

இடுப்பில் சாவி தொங்கியது. கதிரையில் அந்த ஆள் நிமிர்ந்து அர்கமைப் பார்த்தான். பொத்தான் இல்லாத சேர்ட். கல் பட்ட நெற்றி. அர்கம் என்ன சொல்லப் போகிறார் என்று அவனும் காத்திருந்தான்.

"ஒண்டுமில்ல, சம்மாட்டி" என்றார் அர்கம். "இரிங்க."

லத்தீப் உட்கார்ந்தார். கதிரை கிறீச்சிட்டது.

சிரிப்பு நின்றது. மூச்சு நின்றது. அறிவிப்பாளர் இல்லை, அவள் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கத்திலும் யாரும் இல்லை. வெறும் காற்று. வெறும் கடல், கல் கையை விட்டுப் போன அன்றைப் போல. லத்தீப் சம்மாட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்; அது தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

அர்கம் அவசர அவசரமாக இஞ்சினைப் பீப்பாவுக்குள் இறக்கி, அந்த அமைதி கேட்காமலிருக்கக் கயிற்றை இழுத்தார். கிளம்பவில்லை. மறுபடியும் இழுத்தார்.